இங்கிலாந்தில் கமக் காணிகளில் முயல், புறா சுட அனுமதி எடுப்பது எப்படி?

மணற்காடு:

வணக்கம் உறவுகளே. இருப்பது மில்டன் கீன்ஸ் பக்கம். கையில் .22 எயார் றைபிள் ஒன்று இருக்கிறது. குண்டின் சக்தி 12 அடி-இறாத்தலுக்கு (foot-pound) கீழ் என்பதால் லைசன்ஸ் தேவையில்லாத வகை. கிளப்பில் காகித இலக்குக்குத்தான் இதுவரை அடித்தது. இனி முயலும் காட்டுப்புறாவும் சுட விருப்பம். சுற்றிவரக் கமக் காணிகள்தான், ஆனால் எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை. பண்ணைகளுக்கு மின்னஞ்சல் போட்டால் பதிலே வருவதில்லை.

ஆரிடம் கேட்க வேணும்? வாயால் "சரி" என்று சொன்னால் போதுமா, எழுத்தில் வேணுமா? முகநூலில் ஒருவர் வருடக் காசு கட்டினால் தன்னுடைய காணியில் சுடலாம் என்கிறார், அது நம்பத்தக்கதா?

---

பழைய_வேலி:

முதல் கேள்விதான் முக்கியம். வயலில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர்தான் சொந்தக்காரர் என்று நினைத்துப் பலர் பிழைவிடுகிறார்கள். ஒரே வயலில் மூன்று பேருக்கு உரிமை இருக்கலாம்: காணிச் சொந்தக்காரர், குத்தகைக்கு எடுத்துக் கமம் செய்கிறவர், சுடும் உரிமையை மட்டும் வைத்திருக்கிறவர். பெரிய எஸ்டேட்டுகள் காணியைக் குத்தகைக்கு விடும்போது சுடும் உரிமையைத் தங்களோடு வைத்துக்கொள்ளும், அல்லது பெசன்ட் (pheasant) என்ற வேட்டைப் பறவையைச் சுடும் குழு (சிண்டிகேட்) ஒன்றுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கும். ஆகவே கமக்காரரிடம் கேட்கிற இரண்டாவது கேள்வி இதுவாக இருக்க வேணும்: "சுடும் உரிமை உங்களிடமா இருக்கிறது?"

முயலுக்கும், ஹேர் (hare) என்ற பெரிய முயலினத்துக்கும் ஒரு விலக்கு உண்டு. 1880ஆம் ஆண்டின் கிரவுண்ட் கேம் சட்டப்படி, குத்தகைக்காரருக்கு அவற்றைக் கொல்லும் உரிமை இருக்கிறது. குத்தகை உறுதியில் என்ன எழுதினாலும் அதைப் பறிக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் துவக்கால் சுடக்கூடியவர்கள் அவரும், அவர் எழுத்தில் அனுமதித்த இன்னொரு ஆளும் மட்டுமே. ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இடமில்லை. சொந்தக்காரரே கமம் செய்து, உரிமையும் அவரிடமே இருந்தால் இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. தேடும்போது அப்படிப்பட்ட சிறிய குடும்பப் பண்ணைகளிலிருந்து தொடங்குங்கள்.

அனுமதி இல்லாத காணிக்குள் எயார் றைபிளோடு கால் வைத்தாலே 1968ஆம் ஆண்டின் துவக்குச் சட்டம், 20ஆம் பிரிவின் கீழ் குற்றம். சுட்டிருக்க வேணும் என்றில்லை, சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. குண்டு எல்லை தாண்டி அடுத்த காணிக்குள் விழுந்தால் அது இன்னொரு குற்றம், 21ஏ பிரிவு. அதனால் அனுமதி கிடைத்த காணியின் எல்லை எந்த வேலி, எந்த வாய்க்கால் என்று கமக்காரரோடு நடந்து பார்த்து, ஓர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்புளோரர் வரைபடத்தில் கோடு கீறி வையுங்கள். அதில் வயல் எல்லைகளும் இருக்கும், பொது நடைபாதைகள் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுக் கீறிய சிறு கோடுகளாகவும் இருக்கும்.

புறாவைப் பற்றி. காட்டுப்புறா பாதுகாக்கப்பட்ட பறவைதான். அதைச் சுடலாம் என்பது ஜி.எல். 42 என்ற பொது உரிமத்தால். பெயர் எழுதி விண்ணப்பிக்கத் தேவையில்லை, ஆனால் நிபந்தனைகளை வாசித்திருக்க வேணும். ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் செல்லுபடி, அடுத்த வருடத்துக்குரியதைப் புதிதாகப் பாருங்கள். அது விளையாட்டுக்கான உரிமம் அல்ல, பயிருக்குப் பாரிய சேதம் வராமல் தடுக்க. வெருளி, காஸ் வெடி, பட்டம் போன்ற வழிகள் பலிக்கவில்லை அல்லது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்ற நிலை இருக்க வேணும். கமக்காரர் என்னென்ன செய்து பார்த்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். 2019 ஏப்ரலில் வழக்கு அச்சுறுத்தலால் பழைய பொது உரிமங்கள் சில நாள் அறிவித்தலில் இரத்தானதை மறக்க வேண்டாம். அந்த இடைவெளியில் தனி உரிமம் இல்லாமல் சுட்டவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை.

இன்னொன்று, ஸ்டொக் டவ் என்ற புறா அந்த உரிமத்தில் இல்லை. காட்டுப்புறாவுக்குக் கழுத்தில் வெள்ளைத் திட்டும், இறக்கையில் வெள்ளைப் பட்டியும் இருக்கும். ஸ்டொக் டவ்வுக்கு இரண்டும் கிடையாது, உருவத்திலும் சிறியது. சந்தேகம் என்றால் விடுங்கள்.

---

கொங்குக்காற்று:

சட்டத்தை மேலே நண்பர் தெளிவா சொல்லிட்டார். நான் கதவைத் தட்டுற விஷயத்துக்கு வர்றேன்.

மின்னஞ்சலை விட்டுடுங்க. முன்பின் தெரியாத ஆள் "உங்க நிலத்துல துப்பாக்கியோட வரலாமா"ன்னு எழுதினா யார் பதில் போடுவாங்க? நேர்ல போங்க, ஆனா நேரம் பார்த்துப் போங்க. கறவைப் பண்ணைன்னா விடிகாலையும் சாயங்காலமும் பால் கறக்குற நேரம், அப்போ போனா வெறும் கையோடதான் திரும்பணும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஆட்டுப் பண்ணைக்காரங்க குட்டி ஈனுற வேலையில தூக்கமில்லாம இருப்பாங்க. ஜூலை, ஆகஸ்ட் அறுவடை. அது முடிஞ்ச கையோட விதைப்பு. நவம்பர் - ஜனவரியில வார நடுவுல ஒரு மழை நாள், காலை 11 மணி வாக்குல போனா ஆள் கொட்டகையில ஏதாவது ரிப்பேர் பண்ணிட்டு இருப்பார், நின்னு பேசுவார்.

அந்த மாசங்கள்ல இன்னொரு வசதியும் இருக்கு. குளிர்காலத்துல காட்டுப்புறாவுக்கு வேற பச்சை கிடைக்காது, கூட்டங்கூட்டமா ரேப்சீட்ங்கிற எண்ணெய் வித்துப் பயிர் வயல்ல இறங்கி இலையைக் கொத்தித் தின்னும். போறதுக்கு முன்னாடி ரோட்டுல இருந்தே எந்த வயல்ல இறங்குதுன்னு பாருங்க. "எங்கயாவது சுட இடம் கிடைக்குமா"ன்னு கேட்கிறதுக்கும், "ரயில் பாதை ஓரமா இருக்கிற உங்க ரேப்சீட் வயல்ல காலையில புறா மேயுது, நான் வந்து பார்க்கட்டுமா"ன்னு கேட்கிறதுக்கும் ரொம்ப வித்தியாசம். முதல்ல சொன்னது உங்க தேவை, ரெண்டாவது அவர் தேவை.

முயலை மட்டும் நம்பிப் போகாதீங்க. மிக்சோமடோசிஸும், அதுக்கப்புறம் வந்த ஆர்.எச்.டி.2 நோயும் பல இடத்துல முயலை ஏறக்குறைய துடைச்சிடுச்சு. முயல் இன்னும் தொல்லையா இருக்கிற இடம் குதிரைப் பண்ணை. வளையில கால் மாட்டிக் குதிரைக்குக் கால் ஒடியும்ங்கிற பயம் அவங்களுக்கு எப்பவும் உண்டு. மில்டன் கீன்ஸைச் சுத்தி லிவரி யார்டுகளை (மத்தவங்க குதிரையைக் காசுக்குப் பராமரிக்கிற இடம்) கேட்டுப் பாருங்க. ஆனா அங்க குழந்தைங்க நடமாட்டம் அதிகம், நேரத்தைக் கறாரா பேசிக்கணும்.

பண்ணைக்குள்ள நுழைய சுலபமான வழி எலி. 2025 ஜனவரியிலிருந்து ப்ரோமடியோலோன், டைஃபெனாகூம்ங்கிற எலி விஷ மருந்தைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி இருக்கிற திறந்த வெளியில வைக்கக் கூடாது. அதனால வைக்கோல் போருக்கும் வேலி ஓர வளைக்கும் மாற்று வழி தேடிட்டு இருக்காங்க. இரவுப் பார்வை ஸ்கோப் வெச்ச 12 அடி-பவுண்டு ஏர் ரைஃபிளுக்கு இது பொருத்தமான வேலை. எலியில ஒழுங்கா நடந்துக்கிட்டா புறா வயல் தானா கிடைக்கும்.

போகும்போது இலைதழை நிறத்துல இருக்கிற காமோ சட்டை வேண்டாம், துப்பாக்கியைக் கார்ல கூட வெக்காதீங்க. யார்டுல வண்டியை வழி மறிக்காம நிறுத்தி, அங்கேயே நின்னு கூப்பிடுங்க, கொட்டகைக்குள்ள எட்டிப் பார்க்காதீங்க. கையில ஒரே ஒரு தாள்: பேர், முகவரி, போன், கார் நம்பர், என்ன துப்பாக்கி, காப்பீட்டு எண், விசாரிக்க உங்க கிளப் செயலாளர் பேர். வேண்டாம்னு சொன்னா தாளைக் கொடுத்து நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. ரேப்சீட் வயல் மொட்டையானப்புறம் அந்தத் தாளைத் தேடி எடுப்பாங்க.

கதவு சாத்தினா நம்ம நிறத்துக்காகத்தான்னு உடனே முடிவு கட்டாதீங்க. அப்படியும் சிலர் இருப்பாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா கிழக்கு இங்கிலாந்து முழுக்க ஹேர் கோர்சிங் (நாயை விட்டு ஹேரைத் துரத்துறது) கும்பல் நாயோட வந்து பயிர் மேல வண்டியை ஓட்டி நாசம் பண்ணி, தட்டிக் கேட்டா மிரட்டுறாங்க. டிராக்டர் ஜி.பி.எஸ். கருவி திருட்டு வேற. தெரியாத கார் யார்டுக்குள்ள வந்தாலே அவங்க நம்பரைக் குறிச்சுக்குவாங்க, வெள்ளைக்காரனா இருந்தாலும் இதே கதைதான். கிளப் காப்பீட்டுச் சான்றிதழை முதல்ல நீட்டுறது இந்தச் சந்தேகத்துக்குத்தான்.

---

மணற்காடு:

இருவருக்கும் மிக்க நன்றி. காப்பீடு கிளப் மூலம் இருக்கிறது. ஆனால் அது கிளப் மைதானத்துக்கு வெளியேயும் செல்லுமா என்று பார்க்க வேணும். எழுத்தில் என்ன இருக்க வேணும் என்று ஆராவது சொல்வீர்களா? ஒரு வயலின் நடுவால் பொது நடைபாதை போகிறது, அதில் சுடவே கூடாதா?

---

மாரிமழை:

காப்பீட்டைக் கட்டாயம் பாருங்கள். சில கிளப் காப்பீடுகள் இலக்குச் சுடுதலுக்கு மட்டும். பாஸ்க் (BASC) போன்ற வேட்டைச் சுடுநர் சங்கங்களின் உறுப்புரிமையோடு வருவது வயலில் சுடுவதையும் அடக்கும். சான்றிதழில் முடிவுத் திகதியைக் கமக்காரருக்குக் காட்டுங்கள்.

மேலே சொன்ன கிரவுண்ட் கேம் சட்டத்தின் கீழ் குத்தகைக்காரர் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேணும், மற்றப்படி வாய்ச்சொல் சட்டப்படி செல்லும். ஆனால் இரவு எட்டு மணிக்கு பொலிஸ் வந்து ரோச் அடித்துக் கேட்கும்போது கமக்காரர் தொலைபேசியை எடுக்காவிட்டால் வாய்ச்சொல்லை வைத்து என்ன செய்வது? தாளில் இருக்க வேண்டியது அதிகமில்லை. கொடுப்பவர் பெயர், அவர் சொந்தக்காரரா குத்தகைக்காரரா என்பது, உங்கள் பெயரும் முகவரியும், காணியின் பெயரும் வரைபடப் பிரதியும், என்ன விலங்குகள், என்ன துவக்கு, இரவில் சுடலாமா, தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும், இருவர் கையெழுத்தும். "எந்த நேரமும் காரணம் சொல்லாமல் இரத்துச் செய்யலாம்" என்ற வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். அது உங்களுக்குப் பாதகமாகத் தெரியும், ஆனால் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் தயக்கம் அதில்தான் தீரும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள், மற்றதைப் பிளாஸ்டிக் உறையில் துவக்குப் பையில் வையுங்கள்.

அந்தத் தாள் உங்களுக்கு மட்டும். சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் முதலே கேட்க வேணும். அனுமதி பறிபோவதற்கு இதுதான் பெரிய காரணம், அடுத்தது படலை. திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட வேணும். கால்நடைக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று திறந்து விட்டிருப்பார்கள், நீங்கள் நல்லது செய்வதாக நினைத்துப் பூட்டிவிட்டு வருவீர்கள்.

நடைபாதை இருந்தால் சுடவே கூடாது என்று சட்டம் இல்லை. வாகனம் போகும் பொதுத் தெருவின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, போகிறவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வந்தால் குற்றம், அது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். நடைபாதைக்கு அப்படித் தூரக் கணக்கு இல்லை, ஆனால் ஆளை ஆபத்தில் வைத்தாலோ வழி மறித்தாலோ வேறு சட்டங்கள் பாயும். பாதைக்கு முதுகு காட்டி, பாதையை விட்டு விலகிய திசையில் மட்டும் சுடுங்கள். ஆள் வந்தால் குண்டை எடுத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் போகும் வரை இருங்கள். பாதையால் நடக்கும்போது துவக்கு குண்டில்லாமல் மூடிய பைக்குள் இருக்க வேணும், அது பொது இடம்.

போவதற்கு முன் கமக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி, முடிந்ததும் இன்னொன்று. பொலிஸின் 101 இலக்கத்துக்குச் சொல்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் வீடுகள் அருகே இருந்தால் சொல்லி, அவர்கள் தரும் இலக்கத்தைக் குறித்து வைப்பது நல்லது.

காசு கேட்கிறவர் பற்றி: மானுக்கு வருடக் குத்தகை கொடுப்பது வழமை. எயார் றைபிளுக்குப் பெரும்பாலும் காசு கைமாறுவதில்லை. காசு கொடுப்பதென்றாலும் அந்தக் காணியிலேயே, பண்ணை வீட்டு வாசலில் சந்தித்து, சொந்தக்காரர் என்பதை உறுதிசெய்த பிறகுதான். காணிப் பதிவகத்தில் சில பவுண்டுக்குப் பெயர் பார்க்கலாம், ஆனால் தலைமுறையாகக் கைமாறாத கமக் காணிகள் சில அங்கே பதிவாகியே இருக்காது. அப்போது அக்கம்பக்கத்தில்தான் விசாரிக்க வேணும்.

---

பழைய_வேலி:

எலி யோசனை நல்லதுதான், கொங்குக்காற்று. ஆனால் தானியக் களஞ்சியத்துக்குள் என்றால் கவனம். ஈயக் குண்டு கோதுமைக் குவியலுக்குள் போனால் அந்த லொறியை ஆலை திருப்பி அனுப்பலாம், அத்தோடு உங்கள் அனுமதியும் முடிந்தது. குவியல் இருக்கும் திசைக்குச் சுடவே கூடாது. பழைய கொட்டகைக் கூரை அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடாக இருக்கும், மேல் நோக்கிய சூடும் வேண்டாம். கொங்கிறீற் தரையில் குண்டு தெறிக்கும். எலியின் பின்னால் மண்ணோ வைக்கோல் கட்டோ இருக்கும் இடத்தில் மட்டும் சுடுங்கள். செத்த எலியைக் கையுறையோடு எடுத்து, கமக்காரர் சொல்கிற முறையில் அகற்றுங்கள். மருந்து தின்ற எலியை வெளியே போட்டால் ஆந்தையும் பருந்தும் தின்று சாகும். எத்தனை, எந்த இடம் என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். ரெட் டிராக்டர் என்ற உணவுத் தரச் சான்று உள்ள பண்ணைகளுக்கு எலிக் கட்டுப்பாட்டுப் பதிவேடு வேணும், உங்கள் தாள் அதில் சேரும்.

மணற்காடு, வயலுக்குப் போக முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி. குண்டின் எடையைக் கிரேன் (grain) என்ற எடை அலகில் எடுத்து, விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450,240 ஆல் பிரியுங்கள். 16 கிரேன் குண்டு 570 அடியில் போனால் 11.5 அடி-இறாத்தல், 582 அடியில் போனால் 12ஐத் தாண்டிவிடும். தாண்டினால் அது லைசன்ஸ் தேவைப்படும் துவக்கு, லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். குண்டின் வகையை மாற்றினாலே கணக்கு மாறும், ஆகவே பாவிக்கிற ஒவ்வொரு வகைக்கும் பாருங்கள். மற்றது, மேசையில் வைத்து அல்ல, முழங்காலிலும் கிடந்தும் சுட்டு அத்தனை குண்டும் 2 பென்ஸ் நாணயத்துக்குள் விழுகிற தூரம் எது என்று பாருங்கள். அதற்கு அப்பால் இருக்கிற முயலை விட்டுவிடுங்கள். காயப்பட்டு இழுத்துக்கொண்டு போகும் முயலைக் கமக்காரரின் பிள்ளை கண்டால் பிறகு நீங்கள் என்ன சொல்லியும் பலனில்லை.