டீப் சைக்கிள் பேட்டரிக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

(கலைச்சொல் பற்றி மலேசியத் தமிழர் சிலர் எழுதிக்கொண்ட மடல்கள். ஒவ்வொருவரும் ஊர்ப் பெயராலும் பணியாலும் குறிக்கப்படுகிறார்.)

ஜார்ஜ் டவுன், மொழிபெயர்ப்பு:

அனைவருக்கும் வணக்கம். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கான ஒருநாள் வகுப்பின் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் நான்கு பக்கம் பேட்டரி தேர்வு. மின்னேற்றம், மின்னிறக்கம், முனை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. மூன்று சொற்கள் நிற்கின்றன: டீப் சைக்கிள் பேட்டரி, கிராங்கிங் ஆம்பியர், ரிசர்வ் கப்பாசிட்டி. இப்போதைக்கு 'ஆழ்சுழற்சி மின்கலம்', 'குளிர்த் தொடக்க மின்னோட்டம்', 'இருப்புக் கொள்ளளவு' என்று போட்டிருக்கிறேன். வரைவைப் படித்த ஒருவர், ஆழ்சுழற்சி மின்கலம் என்றால் தண்ணீருக்கடியில் வைப்பதா என்று கேட்டுவிட்டார். அப்படிக் கேட்க வைக்கும் சொல்லை அச்சில் ஏற்ற மனம் வரவில்லை.

பத்து மாவுங், படகு மின்பணி:

அக்கா, முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், சொல் பிறகு.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கை அதிகம். அமிலம் படும் பரப்பு கூடுதல் என்பதால் சில விநாடிக்குச் சில நூறு ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும். எஞ்சின் ஓடியதும், அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பிவிடும். மொத்த இருப்பில் எடுத்தது கொஞ்சம்தான். டீப் சைக்கிளில் தகடு தடிமன், அதில் பூசிய ஈயப் பசை இறுக்கம். அள்ளித் தராது, மணிக்கணக்கில் நின்று தரும். மீன் காட்டும் திரை, இரை மீன் தொட்டியின் பம்பு, விளக்கு எல்லாம் இதில்தான் ஓட வேண்டும்.

மாற்றி வைத்தால் என்ன ஆகும்? ஸ்டார்ட் பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை இறக்கினால் மெல்லிய தகட்டின் பசை உதிர்ந்து பெட்டிக்கு அடியில் வண்டலாகச் சேரும். வண்டல் உயர்ந்து தகடுகளைத் தொட்டால் ஒரு செல் ஷார்ட். கடையில் வந்து "பேட்டரி கோங்", அதாவது செத்துவிட்டது, என்பார்கள். உண்மையில் பேட்டரி மட்டம் இல்லை, தேர்வு தப்பு. இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

செந்தூல், அகராதித் தொகுப்பு:

சொல் நம்மிடம் இருக்கிறது, தேடவே வேண்டாம். *ஆழிக்கலம்.*

ஆழ் என்னும் வேரிலிருந்து ஆழம். அதே வேரின் ஆழியே கடல். ஆழி என்றால் சக்கரமும்தான். திருமால் கையிலிருப்பது ஆழி. ஆக ஆழம், சுழற்சி, கடல் மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் "ஆழியுள் புக்கு" என்னும் இடத்தில் கடல், "ஆழிபோல் மின்னி" என்னும் இடத்தில் சக்கரம். மின்னுவதும் அங்கேயே இருக்கிறது! கடலுக்குள் புகுந்து முகந்துகொண்டு மேலேறுகிறது மேகம். மின்னேற்றத்துக்கு இதைவிடப் படம் ஏது? ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழக்கமுள்ள சொல் கையில் இருக்க, டீப்பையும் சைக்கிளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டுவானேன்?

பட்டர்வொர்த், இயற்பியல் ஆசிரியை:

ஐயா, சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மரக்கலம் என்று பழகிய காது ஆழிக்கலத்தைக் கப்பல் என்றே கேட்கும். அதோடு இந்தப் பேட்டரி கடலுக்கு மட்டும் உரியதல்ல. சூரியத் தகட்டோடு வீட்டிலும் இருக்கும், கோல்ஃப் வண்டியிலும் இருக்கும். அங்கே ஆழி எங்கே வந்தது?

எனக்கு அதைவிடப் பெரிய கவலை 'கலம்'. பள்ளியில் செல்லுக்கு மின்கலம் என்கிறோம். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். நிரப்பிச் சில மணி நேரம் சும்மா வைத்தபின் 12.6 காட்ட வேண்டிய பேட்டரி 10.5 காட்டினால் ஒரு செல் போய்விட்டது என்று பொருள். ஆறில் ஒன்று குறைந்தால் ஐந்து முறை 2.1, கணக்கு அப்படியே விழுகிறது. இதை எப்படி எழுதுவீர்கள்? "மின்கலத்தில் ஒரு மின்கலம் பழுது" என்றா? இலங்கைப் பாடநூல்களில் மின்கலவடுக்கு என்பார்கள். அது சரியான சொல். ஆனால் பினாங்கில் எந்தப் போமனிடம் (பட்டறை மெக்கானிக்) போய் மின்கலவடுக்கு கேட்பது?

பிரிக்ஃபீல்ட்ஸ், தமிழாசிரியர் (பணி ஓய்வு):

கலத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள் அம்மா. பால் திரியும் கலமும் கலம், பசுமண் கலமும் கலம், கடலோடுவதும் கலம், நெல் அளப்பதும் கலம். கொள்வது எதுவோ அது கலம். பொருள் பல என்பது குறை அல்ல, இடம் நோக்கிப் பொருள் கொள்வது நம் மரபு. ஆனால் ஒரே வரியில் இரண்டு கலம் வந்து மோதுவது இடர்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பெட்டி முழுவதையும் பேட்டரி என்றே விடுங்கள், உள்ளே இருப்பது கலம். "பேட்டரியில் ஒரு கலம் பழுது." படிப்பவர் தடுமாற மாட்டார்.

கிராங்கிங்குக்கு என் பரிந்துரை *கிளப்பு*. வண்டியைக் கிளப்பு என்று சிறு பிள்ளையும் சொல்கிறது. இலக்கணமும் துணை நிற்கிறது: கிளம்பு தன்வினை, கிளப்பு பிறவினை. திரும்பு திருப்பு, எழும்பு எழுப்பு, அடங்கு அடக்கு, திருந்து திருத்து என மெல்லினம் வல்லினமாகும் வரிசை இது. எஞ்சின் கிளம்புகிறது, பேட்டரி கிளப்புகிறது. 'தொடக்க மின்னோட்டம்' என்பதில் யார் எதைத் தொடங்குகிறார்கள் என்பதே இல்லை. முடுக்கு என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், முடுக்கம் இயற்பியலில் வேறொன்றுக்குப் போய்விட்டது.

செந்தூல்:

கிளப்பு கொச்சை. கையேட்டுக்கு ஆகாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

பிறவினை இலக்கணத்துக்கு முழுதும் கட்டுப்பட்ட சொல் எப்படி ஐயா கொச்சையாகும்? சந்தையில் வழங்குவதால் ஒரு சொல் தாழ்ந்துவிடுவதில்லை. நாம் எழுதாமல் விட்டதால்தான் அது ஏட்டில் இல்லை.

பத்து மாவுங்:

கிளப்புக்கு என் ஓட்டு. முன்னால் 'குளிர்' வருமே, அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். பணம் வீணாகும் இடம் அதுதான்.

பேட்டரி மேல் இரண்டு வகை எண் வரும். சிசிஏ (கோல்டு கிராங்கிங் ஆம்பியர்) என்பது −18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரக்கூடிய ஆம்பியர். எம்சிஏ (மரைன் கிராங்கிங் ஆம்பியர்) என்பது அதே சோதனை, 0 டிகிரியில். குளிர் குறைவு, அதனால் எண் பெரிது. எம்சிஏ 1000 என்ற பேட்டரியும் சிசிஏ 800 என்ற பேட்டரியும் ஏறக்குறைய ஒன்றே. ஆயிரம் பெரிதென்று கூடுதல் காசு கொடுப்பவர் உண்டு. அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) கையேடு சிசிஏ-யில் கேட்டால் சிசிஏ-யோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால் *குளிர்க்கிளப்பு ஆம்பியர்*, *கடற்கிளப்பு ஆம்பியர்* என்று இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். இங்கே குளிர் இல்லையே என்று சொல்லை வெட்ட வேண்டாம்.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி. கிளப்பு எண் பெரிதாக இருப்பதைவிட, எஞ்சின் சூடு படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பேட்டரி இருப்பது முக்கியம். மேல்பக்கம் திறப்பு இருக்க வேண்டும். மின்னேற்றத்தில் வரும் ஹைட்ரஜன் மேலே ஏறும், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

காரிலிருந்து கழற்றிய பேட்டரியைப் படகில் போடலாமா என்ற கேள்விக்கும் கையேட்டில் இரண்டு வரி வேண்டும். "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்று குறளே சொல்லியிருக்கிறது.

பத்து மாவுங்:

ஐயா சொன்னது அப்படியே பொருந்தும். அலையில் படகின் அடி மோதும் ஒவ்வொரு அடியும் தகட்டுக்குப் போகும். கார் பேட்டரியின் உள்கட்டு அதற்கானதல்ல. ஏஜிஎம் வகையில் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி இழைப் பாய் இறுக்கமாக அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஆடாது, சாய்ந்தாலும் சிந்தாது. தண்ணி பேட்டரி விலை குறைவுதான், ஆனால் மாதம் ஒருமுறை திறந்து வாலை வடிநீர் ஊற்ற வேண்டும். உள்ளே கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பட்டர்வொர்த்:

மூல வினாவுக்கு வருவோம். என் முன்மொழிவு *ஆழிறக்கப் பேட்டரி*. ஆழ்கடல் போல வினைத்தொகை: ஆழ்ந்த, ஆழ்கின்ற, ஆழும் இறக்கம். இங்கே ஆழ்வது மின்னிறக்கம், சுழற்சி அல்ல. ஆழிக்கும் இதற்கும் குழப்பமும் வராது. ஆழி முன் இறக்கம் வந்தால் யகரம் தோன்றி ஆழியிறக்கம் ஆகிவிடும்.

ஜார்ஜ் டவுன்:

எனக்கு இது பிடித்திருக்கிறது. புதன் இரவாகிவிட்டது, இதையே எடுத்துக்கொள்ளலாமா?

பத்து மாவுங்:

அக்கா, ஒரு நிமிடம். சொல் நன்றாக இருப்பதால்தான் எனக்குப் பயம். ஆழிறக்கம் என்று எழுதினால் வாங்குபவர் என்ன நினைப்பார்? அடிவரை இறக்கலாம், அதற்கென்றே செய்தது என்று நினைப்பார். ஈயப் பேட்டரி எதுவானாலும் பாதிக்குக் கீழே வழக்கமாக இறக்கினால் ஆயுள் குறையும். ஓய்வில் 12.1 அல்லது 12.2 காட்டினால் பாதி தீர்ந்தது, நிறுத்த வேண்டும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது.

கணக்கும் அதை வைத்துத்தான். திரை, பம்பு, விளக்கு சேர்ந்து 6 ஆம்பியர், 5 மணி நேரம் என்றால் 30 ஆம்பியர்-மணி. பாதிதான் எடுக்கலாம் என்பதால் 60. பேட்டரி பழையதாகும்போது குறையுமே, அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 72. கடையில் 75 அல்லது 80 வாங்க வேண்டும். ஆழிறக்கம் என்ற சொல்லை நம்பியவர் 30-க்கு 35 வாங்கிக்கொண்டு கெண்டி தீவு வரை போய்விடுவார்.

அதனால் *ஊட்டுப் பேட்டரி* என்கிறேன். கிளப்புப் பேட்டரி, ஊட்டுப் பேட்டரி. ஒன்று எஞ்சினைக் கிளப்பும், மற்றது கருவிகளுக்கு ஊட்டும். இரண்டும் பிறவினை, ஐயாவுக்கும் பிடிக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

உண் உண்ணுவது, ஊட்டு உண்பிப்பது. மிகப் பிடிக்கிறது.

பட்டர்வொர்த்:

ஆனால் ஊட்டு என்பது வேலையின் பெயர், கட்டமைப்பின் பெயர் அல்ல. இரண்டு பேட்டரி உள்ள படகில் எது கருவிகளுக்குப் போகிறதோ அது ஊட்டுப் பேட்டரி. தெரியாமல் மெல்லிய தகட்டுப் பேட்டரியை அங்கே வைத்தாலும் அதுவும் ஊட்டுப் பேட்டரிதான்! நீங்கள் முதல் மடலில் அஞ்சிய தவறையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. தகடு தடித்தது என்பதை ஆழிறக்கம்தான் சொல்கிறது.

செந்தூல்:

பாதி மட்டும்தான் இறங்கலாம் என்றால் அரையிறக்கப் பேட்டரி என்று வையுங்களேன்.

பத்து மாவுங்:

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம் ஐயா. அப்போது பெயர் பொய்யாகும். லித்தியத்துக்குக் கையேட்டில் ஒரு பத்தி போதும். எடை குறைவு, இறக்கம் தாங்கும். ஆனால் உள்ளிருக்கும் காவல் சுற்று எஞ்சின் ஓடும்போது பட்டென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு எரியக்கூடும். அவுட்போர்டு தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டாலொழியக் கிளப்பும் வேலைக்கு வேண்டாம்.

ஜார்ஜ் டவுன்:

வியாழன் மாலை. ரிசர்வ் கப்பாசிட்டி இன்னும் தொங்குகிறது.

பட்டர்வொர்த்:

*தாங்கு நிமிடம்.* 27 டிகிரியில், 25 ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை எத்தனை நிமிடம் தாங்கும் என்பதுதான் அது. அலகே நிமிடமாக இருக்க, கொள்ளளவு என்பது படிப்பவரை லிட்டரில் கொண்டுபோய் விடும். தாங்கு நிமிடம் 120 என்றால் 25 ஆம்பியர் இரண்டு மணி நேரம், 50 ஆம்பியர்-மணி. அதே பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கி அளக்கும் ஆம்பியர்-மணிக் கணக்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும், மெதுவாக எடுத்தால் அதிகம் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: ஏற்கிறேன்.

பத்து மாவுங்: ஏற்கிறேன்.

செந்தூல்: இதற்கு மட்டும் ஏற்கிறேன்.

ஜார்ஜ் டவுன்:

நன்றி. அச்சுக்குப் போவது இதுதான். பெட்டிக்குப் பேட்டரி, உள்ளே கலம். கிளப்புப் பேட்டரி, குளிர்க்கிளப்பு ஆம்பியர், கடற்கிளப்பு ஆம்பியர், தாங்கு நிமிடம். டீப் சைக்கிளுக்கு ஆழிறக்கப் பேட்டரி. முதலில் வரும் இடத்தில் 'டீப் சைக்கிள்' என்றும் சேர்த்திருக்கிறேன், பெட்டியில் அதுதான் இருக்கும். அதற்குக் கீழேயே தடித்த எழுத்தில்: "பெயர் ஆழிறக்கம் என்றாலும் ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள்." ஊட்டுப் பேட்டரி என்பதை இணைப்புப் படத்தில், கருவிகளுக்குப் போகும் பேட்டரிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மூவர் ஆழிறக்கத்துக்கு, ஒருவர் ஊட்டுக்கு, ஒருவர் ஆழிக்கலத்துக்கு.

செந்தூல்:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். எச்சரிக்கை வரி இல்லாமல் நிற்க முடியாத சொல் இன்னும் முழுச் சொல் ஆகவில்லை. ஆழிக்கலத்துக்கு அப்படியொரு வரி தேவைப்பட்டிராது.

பத்து மாவுங்:

ஊட்டுப் பேட்டரி என்றுதான் நான் தொடர்ந்து சொல்வேன். அது இருக்கட்டும், அச்சுக்கு முன் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள் அக்கா. ஏஜிஎம்-முக்கு 14.4 முதல் 14.7 வோல்ட் என்பது சரி. அமிலம் கூழாக இருக்கும் ஜெல் வகைக்கும் அதே எண் விழுந்திருக்கிறது. ஜெல்லுக்கு 14.1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அதிகம் ஏற்றினால் கூழில் குமிழி விழுந்து அந்த இடம் திரும்பச் சேராது. நான்காம் பக்கப் படத்தில் முனையில் விரலால் திருகும் விங் நட்டு வரைந்திருக்கிறது. தடித்த கேபிளுக்கு அது கூடாது, அதிர்வில் தளர்ந்து சூடாகும். ஆறுமுக நட்டும் பூட்டு வாஷரும் என்று மாற்றச் சொல்லுங்கள்.