கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, ஆனாலும் பேக்கப் எடுபடுகிறது. எப்படி?

கேள்வி (குறிஞ்சி)

உபுண்டு 22.04 சர்வர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டாக்கரில் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓடுகிறது. பேக்கப் மெஷின் தினமும் அதிகாலை 2:30க்கு வந்து டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும். அதற்காக 2:25க்கு 5432 போர்ட்டைத் திறக்கவும் 3:15க்கு மூடவும் ரூட் கிரான்டாபில் (கிரானின் நேர அட்டவணை) இரண்டு ஸ்கிரிப்ட்கள் வைத்திருக்கிறேன். கையால் ஓட்டினால் சரியாக ஓடுகின்றன. கிரானில் லாக் ஃபைல்கூட உருவாவதில்லை. லாக் பெயரில் தேதி வர +%எஃப் போட்டிருக்கிறேன். மூடும் ஸ்கிரிப்ட், ரூலை அதன் வரிசை எண்ணைச் சொல்லி டெலீட் செய்கிறது.

யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் 5432க்கு எந்த ரூலும் இல்லை, இன்கமிங் டீஃபால்ட் டினை (ரூல் இல்லாத உள்வரும் இணைப்புகளுக்கு மறுப்பு). அப்படியிருந்தும் பேக்கப் தவறாமல் வந்துவிடுகிறது. இது எப்படி?

பதில் (வடகாற்று)

கிரானை அப்புறம் பார்க்கலாம். உங்கள் டேட்டாபேஸ் இப்போது வெளியுலகுக்குத் திறந்தே கிடக்கிறது என்று நினைக்கிறேன். கம்போஸ் ஃபைலில் (டாக்கர் கன்டெய்னரின் அமைப்புகளை எழுதும் ஃபைல்) போர்ட்ஸ் "5432:5432" என்று இருந்தால், டாக்கர் தானாகவே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி) டிநாட் ரூல் (பாக்கெட்டின் சேருமிடத்தை மாற்றும் ரூல்) எழுதிவிடும். பாக்கெட் கன்டெய்னருக்கு ஃபார்வர்ட் ஆகிப் போவதால் யூஎஃப்டபிள்யூவின் இன்புட் ரூல்களைத் தொடுவதே இல்லை. ஸ்டேட்டஸ் அதைக் காட்டவும் காட்டாது. வேறு நெட்வொர்க்கிலிருந்து என்சி -விஇசட் (போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு 5432ஐச் சோதியுங்கள். சர்வருக்குள்ளிருந்து சோதித்தால் எதுவும் தெரியாது.

பேக்கப் மெஷின் அதே பிரைவேட் நெட்வொர்க்கில் இருந்தால் போர்ட்ஸ் வரியில் சர்வரின் பிரைவேட் ஐபியை முன்னால் சேருங்கள்: "10.0.0.4:5432:5432" மாதிரி. பிறகு கம்போஸ் அப் -டி கொடுங்கள். வெறும் ரீஸ்டார்ட் போதாது, கன்டெய்னர் புதிதாக உருவானால்தான் போர்ட் மாறும்.

பதில் (பனைமரம்)

கிரான் பக்கம் மூன்று கோளாறுகள் தெரிகின்றன. கிரான்டாப் வரியில் % வந்தால் கிரான் அதைப் புதுவரியாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். அதனால்தான் லாக் பிறக்கவே இல்லை. \% என்று எழுதுங்கள், அல்லது தேதியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். சிஸ்லாகில் (சிஸ்டத்தின் லாக் ஃபைல்) கிரான் வரிகளைத் தேடினால் "எம்டிஏ (மெயில் அனுப்பும் நிரல்) இல்லை, அவுட்புட்டைக் கைவிடுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். எரர் அங்கேதான் தொலைகிறது.

அதைச் சரிசெய்ததும் அடுத்தது முளைக்கும். ரூட் கிரான்டாபின் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டுதான் உண்டு. யூஎஃப்டபிள்யூ இருப்பது /யூஎஸ்ஆர்/எஸ்பின்-இல். முழுப் பாதையையும் எழுதுங்கள்.

மூன்றாவது, எண் சொல்லி டெலீட் செய்தால் யூஎஃப்டபிள்யூ ஒய்/என் கேட்கும். கிரானில் பதில் சொல்ல ஆளில்லாததால் ரூல் அப்படியே நிற்கும். --ஃபோர்ஸ் போடலாம்தான், ஆனால் நடுவில் யாராவது ஒரு ரூல் சேர்த்திருந்தால் எண் மாறி வேறு ரூல் போய்விடும். அது எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) ரூலாக இருந்தால் சர்வருக்குள் நுழையவே வழியில்லை. சேர்த்தபோது எழுதிய ரூலையே முழுதாகச் சொல்லி டெலீட் செய்வதுதான் பாதுகாப்பு.

பதில் (வடகாற்று)

பனைமரம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த இரண்டு வேலைகளையும் கிரானிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். போர்ட்டை டாக்கர் திறந்துவைத்திருக்கும்வரை இவற்றால் பயன் இல்லை. ஒருநாள் போஸ்ட்கிரெஸை நேரடியாக ஹோஸ்டில் நிறுவினாலும், 3:15 வேலை ஒருமுறை தவறினால் மறுநாள்வரை போர்ட் திறந்திருக்கும். சரியாக ஓடினாலும் ஏற்கெனவே இணைந்திருக்கும் கனெக்‌ஷன் அறுபடாது. எஸ்டாப்ளிஷ்ட் பாக்கெட்டுகளை யூஎஃப்டபிள்யூவின் பிஃபோர்.ரூல்ஸ் ஃபைல் முதலிலேயே விட்டுவிடும்.

பேக்கப் மெஷின் வெளி நெட்வொர்க்கில் இருந்தால் 127.0.0.1இல் (சர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரி) மட்டும் பைண்ட் செய்து, எஸ்எஸ்ஹெச் டனல் வழியாக டம்ப் எடுங்கள். அதற்குத் தனி யூசர், தனி கீ. பாஸ்ஃபிரேஸ் உள்ள கீயானால் கிரானுக்கு ஏஜென்ட் (திறந்த கீயை வைத்திருக்கும் நிரல்) கிடைக்காமல் "பெர்மிஷன் டினைட்" வரும், அதை ஃபயர்வால் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். ஃபயர்வால் டிராப் செய்தால் பதிலே வராது, டைம்அவுட்தான் ஆகும்.