பி53 – எம்டிஎம்2 மாதிரியில் அலைவு தணிந்துவிடுகிறது, அவசர உதவி தேவை

செல்வழிப்போக்கன்:
வணக்கம். பி53 என்ற புரதம் எம்டிஎம்2 என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டும், எம்டிஎம்2 திரும்ப பி53ஐச் சிதைக்கும். இந்தச் சுற்றுக்குக் கணித மாதிரி எழுதியிருக்கிறேன். அலைவு தொடர வேண்டும். ஆனால் இரண்டு மூன்று ஏற்ற இறக்கத்திலேயே அடங்கி நேர்க்கோடாகிவிடுகிறது. ஹில் கெழுவை (பி53 மாறும்போது எம்டிஎம்2 உற்பத்தி எவ்வளவு கூர்மையாக மாறும் என்பதன் அளவு) 12 வரை ஏற்றியும் பயனில்லை. மாறிலிகளையெல்லாம் புரட்டிப் போட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். எங்கே கோளாறு?

நொதிக்கிறுக்கன்:
எத்தனை சமன்பாடுகள்? அவற்றை எழுதாமல் கோளாறு எங்கே என்று கேட்டால் எப்படிச் சொல்வது? நேரத்தின் அலகு நிமிடமா, மணியா? செறிவு நானோமோலாரா?

படிஅளவு:
எந்த முறையில் தீர்க்கிறீர்கள்? சமிக்ஞை மாதிரிகளில் ஒரு வினை நொடிகளில் முடியும், இன்னொன்று மணிக்கணக்கில் நகரும். இப்படி வேகங்கள் பெரிதும் வேறுபடும் ‘விறைப்பான’ சமன்பாடுகளுக்கு உரிய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரைபடத்தை நம்பவே கூடாது. பத்தில் ஒன்பது கேள்விகளுக்கு இதுதான் பதில்.

செல்வழிப்போக்கன்:
வழக்கமான இரண்டு சமன்பாடுகள்தான்.
பி53 மாறும் வீதம் = நிலையான உற்பத்தி − மாறிலி × எம்டிஎம்2 × பி53
எம்டிஎம்2 மாறும் வீதம் = பி53ஐச் சார்ந்த ஹில் உற்பத்தி − சிதைவு
நேரம் மணியில். படி அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும் அதே வரைபடம்தான்.

முதுகணிதன்:
அப்படியானால் படிஅளவு அவர்கள் சற்று ஓய்வெடுக்கலாம். தம்பி, மாறிலியை மாற்றுவதற்கு முன் தாளில் ஒரு வரி எழுதிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. முதல் சமன்பாட்டை பி53ஆல் வகையிடு: எதிர்க்குறி. இரண்டாவதை எம்டிஎம்2ஆல் வகையிடு: அதுவும் எதிர்க்குறி. இரண்டின் கூடுதல் எங்கேயும் சுழியைத் தொடாது. பெண்டிக்சன் அளவுகோலின்படி மூடிய பாதை, அதாவது தணியாத அலைவு, இருக்கவே முடியாது. ஹில் கெழு 12 என்ன, 1200 வைத்தாலும் அலைவு மெதுவாகத் தணியுமே தவிர, தணியாமல் இராது. இது இளங்கலைப் பாடம்.

நொதிக்கிறுக்கன்:
சொன்னது சரி, தொனிதான் தேவையில்லை. ஹில் கெழு 12 என்பதே எனக்கு உறுத்துகிறது. பி53 நான்கு அலகுகள் சேர்ந்துதான் டிஎன்ஏவைப் பற்றுகிறது. 4க்கு மேல் போவதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். நீங்கள் விட்டுவிட்டது நடுவில் இருக்கும் தூது ஆர்என்ஏவை. பி53 நேரடியாக எம்டிஎம்2 புரதத்தை உண்டாக்குவதில்லை. ஜீனைப் படியெடுக்க வைக்கிறது, அதிலிருந்து பிறகு புரதம் வருகிறது. மூன்றாவது சமன்பாடாக அதைச் சேருங்கள்.

செல்வழிப்போக்கன்:
சேர்த்தேன். ஹில் கெழு 4. இன்னும் தணிகிறது, கொஞ்சம் தாமதமாக.

சிதறல்நேயன்:
ஏன் எல்லோரும் தணிவதைக் கோளாறு என்கிறீர்கள்? எந்தத் தரவோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை யாருமே கேட்கவில்லை. லட்சக்கணக்கான செல்களை அரைத்து அளந்த வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைக் காட்டும் சோதனை) என்றால் அதிலும் தணிந்த அலைவுதான் தெரியும். 2000இல் வந்த அளவீடு அப்படித்தான் இருந்தது. 2004இல் தனித்தனிச் செல்களை ஒளிரும் புரதத்தோடு படம்பிடித்தபோது வேறு காட்சி: காமாக் கதிர்வீச்சுக்குப் பிறகு தனிச் செல்களில் துடிப்புகள், செல்லுக்குச் செல் எண்ணிக்கை வேறு. கதிர்வீச்சைக் கூட்டினால் துடிப்பின் உயரமோ அகலமோ கூடவில்லை; சராசரியாகத் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடியது. செல்கள் ஒன்றோடொன்று ஒத்திசைவு இழப்பதால் சராசரி தணிகிறது. அதனால் வகைக்கெழுச் சமன்பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, கில்லெஸ்பி 1977இல் கொடுத்த சீரற்ற உருவகப்படுத்தலுக்கு (ஒவ்வொரு வினையையும் தற்செயலாக நடக்கவிட்டுக் கணக்கிடும் முறை) வாருங்கள். தணியும் அமைப்பைக்கூட இரைச்சல் தட்டித் தட்டி ஆடவைக்கும்.

முதுகணிதன்:
இரைச்சல் எதை வேண்டுமானாலும் ஆடவைக்கும். அதை விளக்கம் என்று சொல்லாதீர்கள். ஒரு பிக்கோலிட்டரில் 1 நானோமோலார் என்றால் ஏறக்குறைய 600 மூலக்கூறுகள். புரதம் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது சிதறல் எங்கிருந்து வருமாம்?

சிதறல்நேயன்:
ஜீனிலிருந்து, ஐயா. புரதம் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அதை ஆளும் ஜீன் விரல்விட்டு எண்ணும் பிரதிகளில்தான் இருக்கிறது. படியெடுப்பு விட்டுவிட்டு நடக்கிறது. மூலக்கூறு எண்ணிக்கையின் வர்க்கமூலம் மட்டும் போட்டுச் சிதறலைக் கணக்கிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

முதுகணிதன்:
அது உற்பத்தி வீதத்தின் ஏற்ற இறக்கம். கேள்வி அதைப் பற்றியதல்ல.

சிதறல்நேயன்:
கேள்வி எதைப் பற்றியது என்று நீங்கள் ஒருவரே முடிவுசெய்துவிட்டால் மற்றவர்கள் எதற்கு?

படிஅளவு:
கில்லெஸ்பி முறையில் பெரிய மாதிரிகள் எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தாமதவாதி:
சண்டையைத் தனி இழைக்குக் கொண்டுபோங்கள். கேட்டவருக்கு வருகிறேன். மூன்று சமன்பாடுகள் ஏன் போதவில்லை என்பது பழைய கதை. குட்வின் 1965இல் எழுதிய மூன்று மாறி மாதிரி இதே வடிவம்தான். அலைவு நிலைக்க ஹில் கெழு 8ஐத் தாண்ட வேண்டும் என்று கிரிஃபித் 1968இல் காட்டினார். அதுவும் மூன்று சிதைவு வீதங்களும் சமமாக இருக்கும் மிகச் சாதகமான நிலையில். உங்கள் மாதிரியில் பி53 சமன்பாடு கொஞ்சம் வேறானாலும் வரம்பு அதேதான். 4ஐ வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பி53ஐ எம்டிஎம்2 சிதைக்கும் வினையைத் தெவிட்டும் வடிவில் எழுதுவது: பி53 ஏறிக்கொண்டே போனாலும் சிதைவு ஒரு உச்சத்தோடு நின்றுவிடும். சுற்றின் கூர்மை கூடும், ஹில் கெழுவை வீங்கவைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, வெளிப்படையான தாமதம்: எம்டிஎம்2 இப்போது உண்டாவது, சற்று முன்பு இருந்த பி53ஐப் பொறுத்தது என்று எழுதுவது. படியெடுப்பு, ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படுவது, உட்கருவிலிருந்து வெளியேறுவது, புரதம் உருவாவது என்று பல படிகள் கழியும் நேரத்தை ஒரே எண்ணில் அடைக்கிறோம். எனக்குப் பிடித்தது இதுதான் (பெயரே சொல்லும்). தாமதம் போதிய அளவு நீண்டால் கெழு 4 தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலைவின் சுழற்சி நேரம் தாமதத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. தனிச் செல்களில் பி53 துடிப்புக்கு ஏறக்குறைய 5.5 மணி நேரம். எனவே 3 மணித் தாமதம் வைத்தால் அப்போதே தோற்றீர்கள்.

நொதிக்கிறுக்கன்:
தாமதம் என்ற பெயரில் தெரியாததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மூடுவதாகத்தான் எனக்குப் படுகிறது. ஏடிஎம் கைனேஸ் என்ற நொதி பி53ஐ முடுக்குவது, விப்1 என்ற நொதி அதை அடக்குவது ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டாவது எதிர்ப் பின்னூட்டமே கிடைக்கும். உயிரியலும் அதுதான்.

தாமதவாதி:
மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

செல்வழிப்போக்கன்:
100 நிமிடத் தாமதம் வைத்தேன். தணியவில்லை, சுழற்சி 5 மணி சொச்சம். நன்றி எல்லோருக்கும்.

சிதறல்நேயன்:
மகிழ்ச்சி. ஆனால் தரவு தனிச் செல்லா, கூட்டமா என்பதை இன்னும் சொல்லவில்லை.

தாமதவாதி:
நேரம் சுழிக்கு முந்தைய பி53 அளவாக என்ன கொடுத்தீர்கள்? மாறிலி என்றால், கதிர்வீச்சுக்கு முந்தைய நிலைப்புள்ளியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துடிப்பின் உயரம் பொய்யாக வரும்.

தாமதவாதி:
இருக்கிறீர்களா?