புரட்டாசியில் மகள் பிறந்தநாள்: வீட்டிலா, வெளியிலா?

பீனிக்ஸ் மருமகள்:
வணக்கம். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து ஏழு வருஷம், பீனிக்ஸ் பகுதியில் இருக்கிறோம். அக்டோபர் முதல் சனிக்கிழமை மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். விளையாட்டுக்கூடம் ஒன்றில் விசாரித்தோம். குழந்தைக்கு 180 ரேண்ட், குறைந்தது 20 குழந்தைகள், இரண்டு மணி நேரம். அதுவே 3,600. கேக் 600, பார்ட்டி பேக் (வரும் குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பும் பை) 800 நம் செலவு. மொத்தம் 5,000.

வீட்டில் வைத்தால் ஜம்பிங் காசில் (குழந்தைகள் ஏறிக் குதிக்கும் காற்றடைத்த கோட்டை) வாடகை 700, நாற்காலி மேசை வாடகை 450, சாப்பாடு 1,500, கேக், பார்ட்டி பேக் அதேதான். 4,050 வருது. 950 ரேண்ட் மிச்சத்துக்கு மூணு நாள் இடுப்பொடியணுமா என்கிறார் கணவர். "சொந்த வீடு இருக்க வெளியில எதுக்கு?" என்கிறார் அத்தை. அவருக்கென்ன, ஹாலில் உட்கார்ந்து எல்லோரையும் வரவேற்பார். அடுப்படியில் நிற்கப்போவது நான். என்ன செய்யலாம்?

ஜோபர்க் கணக்கன்:
சகோதரி, உங்கள் கணக்கில் தலைக்கணக்கு தப்பு. கூடத்தில் 20 என்றால் 20தான். இருபத்தொன்றாவது குழந்தைக்கு வாசலிலேயே காசு கேட்பான், அதனால் நீங்களும் யோசித்துத்தான் கூப்பிடுவீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டால் குழந்தையோடு அப்பா, அம்மா, தம்பி, தங்கை, ஊரிலிருந்து வந்த சித்தப்பா எல்லாரும் வருவார்கள். போன வருஷம் என் பையனுக்கு 18 குழந்தைகளைக் கூப்பிட்டேன். சாப்பிட்டவர்கள் 61 பேர். அன்றைக்கு ஐஸும் பேப்பர் தட்டும் வாங்க மூன்று தடவை கடைக்கு ஓடினேன். அந்த 1,500 ரேண்ட் சாப்பாடு யாருக்குக் காணும்?

இன்னொன்று, வாட் வரி. அரிசி, பருப்பு, காய்கறி, சூரியகாந்தி எண்ணெய், பிரவுன் பிரெட் எதற்கும் வாட் கிடையாது. சிப்ஸ், கூல்டிரிங்க், சிக்கன் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம். கேக் செய்யும் கோதுமை மாவுக்கு 2019 ஏப்ரலிலிருந்து வாட் இல்லை. அதற்காகக் கேக்கை வீட்டில் செய்து பணக்காரர் ஆகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் வாட் உண்டு.

சாட்ஸ்வொர்த் பெரியம்மா:
கண்ணு, சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில படிச்ச எழுத்து, பிழை இருந்தா பொறுத்துக்கோ. அக்டோபர் முதல் வாரம்னா புரட்டாசி. இங்க நம்மாளுங்க நிறையப் பேர் அந்த மாசம் கவுச்சி தொடமாட்டாங்க, மத்தவங்களும் அதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. வருஷத்துல வேற எந்த மாசமும் கோழியில்லாம பார்ட்டி வச்சுப் பேர் கெடாம தப்பிக்க முடியாது. உனக்கு அதிர்ஷ்டம்!

பெரிய பிரியாணிப் பாத்திரமெல்லாம் ஏத்தாதே. சின்ன ரொட்டி பன் வாங்கி, நடுவைத் தோண்டி, பீன்ஸ் கறி ஊத்தி நம்ம டர்பன் 'பன்னி சௌ' (bunny chow) பண்ணு. இரண்டு கிலோ சுகர் பீன்ஸை (காஞ்ச பீன்ஸ் கொட்டை) ராத்திரியே ஊறவை. காலையில தக்காளி, உருளைக்கிழங்கு போட்டுக் கொதிக்க விட்டா அறுபது பேருக்கு வரும். குழந்தைங்களுக்கு உறைப்பில்லாம ஒரு சின்னச் சட்டி தனியா. உள்ளே எடுத்த ரொட்டியை மேலே மூடியா வை, தொட்டுச் சாப்பிடுவாங்க.

ஜம்பிங் காசில் வேணாம். அதுக்குக் காத்து ஊதுற மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கணும். கரண்ட் போனா குழந்தைங்க தலைமேலயே சரியும். காத்தடிச்சா இன்னும் பயம். அக்டோபர்ல இங்க மழையும் தொடங்கிடும், நனைஞ்சா வழுக்கும். என் பேரனுக்கு எடுத்தப்போ இருபது நிமிஷம்தான் குதிச்சான், வாடகை முழுசா வாங்கிட்டாங்க.

வேலைக்கு வர்ற அம்மாவைச் சனிக்கிழமையே வச்சுக்கோ. வழக்கமா ஞாயிறு வராதவங்களை அன்னிக்குக் கூட்டி வந்தா இரட்டைச் சம்பளம், சட்டம் அப்படி. குடுக்காம ஏமாத்தாதே.

கேக்ல முட்டை போடுறியா? விரதக்காரங்களைக் கேட்டுக்கோ.

பீனிக்ஸ் மருமகள்:
பெரியம்மா, கணவரிடம் படித்துக் காட்டினேன் (அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது). புரட்டாசி என்றதும் அத்தை முகம் மாறிவிட்டது, அவருக்கே மறந்துபோயிருக்கிறது! கேக் முட்டையில்லாமல் நானே செய்கிறேன்.

புதுக் கணக்கு: 50 பேர் வருவார்கள் என்று வைத்து பீன்ஸ், பன், காய்கறி 900, கேக் 280, பார்ட்டி பேக்குக்குப் பதில் ஆளுக்கொரு பந்தும் முறுக்குப் பொட்டலமும் 500, உதவிக்கு வரும் அம்மாவுக்கு 350, ஐஸ், தட்டு, ஜூஸ் 400. நாற்காலியைப் பக்கத்து வீட்டு அங்கிள் தருகிறேன் என்கிறார். 2,430. கூடத்துக்கு ஆகும் செலவில் பாதிதான்.

இடுப்பு? பீன்ஸ் கறியை அத்தையே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஜம்பிங் காசில் கிடையாது என்று மகளிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.

ஜோபர்க் கணக்கன்:
50 இல்லை, 65 போடுங்கள்.