லூப்பஸ் இருக்கிறவர்களுக்கு மார்பகத்தில் ரேடியேஷன்: கத்தி வைப்பதற்கு முன்பே கேளுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 14 வருடமாக லூப்பஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய். போன வருடம் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவை மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தார். "சின்னக் கட்டிதான். அதை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தால் போதும்" என்றார். தேதியும் குறித்தாயிற்று. என் கோப்பில் லூப்பஸ் என்று எழுதியிருந்தது, மருந்துப் பட்டியலில் லூப்பஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. மூட்டும் தோலும் சம்பந்தப்பட்ட நோய், இதற்கும் கட்டிக்கும் என்ன என்றுதான் இருந்தேன்.

அறுவைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இரத்தம் எடுக்கப் போனேன். தாதி ஒரு தமிழ்ப் பெண். என் கன்னத்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "லூப்பஸா அக்கா? ரேடியேஷன் டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஏன் முன்பே கேட்க வேண்டும் என்றால், கட்டியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் ரேடியேஷன் வாங்கியே ஆக வேண்டும். மார்பகத்தை முழுதாக எடுத்தால் பலருக்கு அது தேவைப்படாது. (அக்குளில் நிணநீர் முடிச்சுகள் பலவற்றில் பரவியிருந்தால் அப்போதும் தேவைப்படும்.) ஆகவே ரேடியேஷன் உங்கள் உடம்புக்கு ஆகுமா என்பது கத்தி வைப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். கட்டியை எடுத்த பிறகு "உங்களுக்கு ரேடியேஷன் வேண்டாம்" என்றால் மறுபடி மேசையில் படுக்க வேண்டியதுதான்.

நான் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னேன். லூப்பஸுக்குப் பார்க்கும் ரூமடாலஜி (மூட்டு, இணைப்புத்திசு நோய்) மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தார்: இரண்டு வருடமாக நோய் அடங்கியிருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, நுரையீரலில் பாதிப்பு இல்லை. அதை வைத்துக்கொண்டு ரேடியேஷன் மருத்துவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். லூப்பஸ், ஸ்க்லெரோடெர்மா, முடக்குவாதம் போன்ற இணைப்புத்திசு நோய்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்றார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். இந்த நோய்கள் உள்ள 36 பெண்களை, நோய் இல்லாமல் அதே சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கு, வருடக்கணக்குக்குப் பிறகு வரும் கடுமையான பாதிப்பு இவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஆனால் வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால், தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மாதான் பிரச்சினை. லூப்பஸ் தீவிரமாக இருக்கும் நேரத்திலும் தயங்குவார்கள். என்னுடையது அடங்கியிருந்ததால் சரி என்றார்.

இப்போது பலருக்கு 40 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) 15 நாளில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு 50 கிரே, 25 நாள். ஒரு நாளைக்கு விழும் அளவு குறைந்தால் நல்ல திசுவுக்கு நாள்பட்ட பாதிப்பு குறையும் என்பது அவர் கணக்கு. இடது பக்கம் என்பதால் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நெஞ்சு விரிந்து இதயம் கொஞ்சம் விலகிக் கொடுக்கும்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று, அந்த அறையின் குளிர். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், மேலே துணி இல்லை. பச்சை லேசர் கோடு நெஞ்சின் மேல் ஓடுகிறது. மூன்றாவது நாள், வெளியே வந்து பார்த்தால் விரல் நுனி எல்லாம் வெள்ளை வெளேரென்று, நகத்தைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. குளிரில் விரல்களில் இரத்த ஓட்டம் சுருங்கும் ரேனாட் உள்ளவர்களுக்கு இது தெரியும். அடுத்த நாளிலிருந்து கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டே படுத்தேன். கேட்டால் விடுகிறார்கள், கேட்க வேண்டும்.

நான்காவது வாரம் மார்புக்கு அடியில் மடிப்புத் தோல் உரிந்தது. முடிந்த பிறகும் பத்து நாள் எரிச்சல் கூடித்தான் குறைந்தது. சின்னம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொண்டுவந்தார். பாசத்தோடு வந்ததை மறுக்க மனம் கஷ்டப்பட்டது, ஆனால் பூசவில்லை. மருத்துவமனையில் கொடுத்த க்ரீம் மட்டும்தான். இப்போது ஒன்பது மாதம். தோல் கொஞ்சம் கறுத்திருக்கிறது, கெட்டியாக இறுகவில்லை. இனிமேலும் வருடக்கணக்கில் பார்க்கத்தான் வேண்டும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்:

எனக்கு ஸ்க்லெரோடெர்மா. நுரையீரல் ஸ்கேனில் அடிப்பக்கம் ஏற்கனவே தழும்பு. ரேடியேஷன் மருத்துவர் நேராகச் சொல்லிவிட்டார்: "நான் கொடுக்க விரும்பவில்லை." முழுதாக எடுத்துவிட்டார்கள். முடிச்சில் பரவவில்லை, அதனால் ரேடியேஷன் இல்லாமலே முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மார்பு போய்விட்டதே என்று அழுதார்கள். எனக்கு மூச்சு மிஞ்சியதே பெரிது.

எனக்கு ரூமடாலஜி ஒரு மருத்துவமனை, புற்றுநோய் இன்னொன்று. கோப்பு தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இரண்டு வாரம் வீணாக்கினேன். கடைசியில் நானே ஸ்கேன் அறிக்கை, மூச்சுப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கோப்பு இப்போதும் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பட்டர்வொர்த்:

அம்மாவுக்காக எழுதுகிறேன். 63 வயது, மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம், மார்பகப் புற்றுநோய். ரேடியேஷனுக்குப் பினாங்குப் பாலத்தைத் தாண்டி 15 நாள் கூட்டிப் போனேன். முடக்குவாதத்தில் மற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இருக்காது என்றார்கள், அப்படித்தான் இருந்தது. முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் அந்த நாள்களில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்தது. அதை யாரும் தாங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

அம்மாவுக்குக் கஷ்டம் தோள்தான். கையைக் காதுக்கு மேல் தூக்கவே முடியவில்லை. முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் பிசியோதெரபி செய்து, அப்புறம் கைக்கு அடியில் மெத்தை வைத்துச் சமாளித்தார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் அறுவை முடிந்ததுமே தோளை அசைக்கத் தொடங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்:

அக்கா, எனக்கும் லூப்பஸ். வெயில் பட்டாலே முகத்தில் தடிப்பு. அப்படியானால் ரேடியேஷன் பட்டால் என்ன ஆகும்? அடுத்த செவ்வாய் அறுவை மருத்துவரைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

ஆயர் ஈத்தாம், பினாங்கு:

தங்கச்சி, இதே கேள்வியை நானும் கேட்டேன். வெயிலில் நம்மைப் படுத்துவது புற ஊதாக் கதிர். இது எக்ஸ்ரே, வேறு வகை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகாது என்றார் என் மருத்துவர். முக்கியமானது, நோய் இப்போது அடங்கியிருக்கிறதா, நுரையீரலிலும் தோலிலும் ஏற்கனவே என்ன இருக்கிறது என்பதுதான்.

செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் ரூமடாலஜி கிளினிக்குக்குப் போன் பண்ணி ஒரு கடிதம் கேளுங்கள். அறுவை மருத்துவர் தேதி சொன்னால், "ரேடியேஷன் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கூட யாரையாவது அழைத்துப் போங்கள், பாதி காதில் விழாது. முடிந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.