காய்ச்சலும் பாய்ச்சலும்: மீத்தேனை அடக்கி நைட்ரஸ் ஆக்சைடைக் கிளப்பிவிடுகிறோமா?

வண்டல்:
காவிரி டெல்டாவின் குறுவை நெல்லில், வயலை இடையிடையே காயவிட்டுத் திரும்பப் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் வாதம். கணக்கைப் பாருங்கள். ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2019 திருத்த வழிகாட்டியில், எப்போதும் தண்ணீர் நிற்கும் தெற்காசிய வயலுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று வைத்திருக்கிறார்கள். 110 நாளுக்கு 93.5 கிலோ. பலமுறை வடித்துக் காயவிட்டால் 0.55ஆல் பெருக்க வேண்டும், 51 கிலோ ஆகிவிடும். மீத்தேன் புவியைச் சூடாக்குவது கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்கு; அந்த வீதத்தில் குறைகிற 42 கிலோ, சுமார் 1,130 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். தண்ணீரும் மிச்சம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தழைச்சத்து:
பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டீர்களே சார். சேறு காயும்போது காற்று உள்ளே போய், மண்ணில் உள்ள அமோனியம் என்பது நைட்ரேட்டாக மாறுகிறது. திரும்பத் தண்ணீர் கட்டியதும் அதே நைட்ரேட் சிதைந்து, ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் அதற்கு 273 மடங்கு. ஹெக்டேருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் கூடினாலே உங்கள் 1,130 கிலோ லாபம் காலி. 2018இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் தென்னிந்திய வயல்களில் அளந்த கட்டுரை வந்தது. ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 33 கிலோ வரை நைட்ரஸ் ஆக்சைடு! ஏறக்குறைய 9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

வண்டல்:
33 என்பது உச்சம், சராசரி அல்ல. மிகக் கடுமையாகக் காயவிட்ட வயல்களில் வந்த எண் அது. அதை எல்லா வயலுக்கும் பொதுவாக்க முடியாது என்று 2019இல் அதே இதழில் மறுப்பும் வந்துவிட்டது. நான் சொன்ன அதே ஐபிசிசி வழிகாட்டியில், போடும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் பங்கு, தண்ணீர் நிற்கும் வயலுக்கு 0.3 சதவீதம், வடிக்கும் வயலுக்கு 0.5. குறுவைக்குப் பரிந்துரைப்படி 150 கிலோ தழைச்சத்து போட்டால் கூடுவது 0.47 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சுமார் 130 கிலோவுக்குச் சமம். கழித்தாலும் நிகரமாக 1,000 கிலோ நிற்கிறதே.

தவிர, காயவிடுவதற்கு ஒரு எல்லை உண்டு. 30 செ.மீ பிவிசி குழாயில் பாதிக்கு 5 மி.மீ துளை போட்டு, துளையுள்ள பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை வழித்தெடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மட்டம் தரைக்கு 15 செ.மீ கீழே போனதும் 5 செ.மீ உயரம் பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடவே கூடாது.

கடைமடை:
குழாய் சரி அண்ணே, தண்ணி யார் கையில? டெல்டாவுல பாதி இடத்துல வயல் விட்டு வயல் தான் பாயுது. மேல்வயல்காரர் நிறுத்தினா கீழ்வயல் காயும், அவர் திறந்தா இவருக்கு வடிக்க வழியில்ல. முறைப்பாசனத்துல அடுத்த முறை தள்ளிப்போச்சுன்னா 15 செ.மீ.யில நிக்காது. களிமண்ணுல மயிரிழை வெடிப்போட பாய்ச்சினா மண் மூடிக்கும். விரல் நுழையுற அளவு பாளம் வெடிச்சுட்டா விடுற தண்ணியெல்லாம் வெடிப்பு வழியா உழவுத்தட்டுக்கு (உழவுக்கு அடியில இறுகின மண் அடுக்குக்கு) கீழ இறங்கிடும். அப்புறம் எங்க தண்ணி மிச்சம்? வேதாரண்யம் பக்கம் போனா, காயக் காய உப்பு வேற மேல ஏறும்.

குழாயிலயும் ஒரு ஏமாத்து இருக்கு. துளை சேத்துல அடைச்சுக்கிட்டா உள்ள தண்ணி தேங்கி நிக்கும், வயல் காய்ஞ்சிருக்கும். பாய்ச்சி சில மணி நேரத்துல உள்மட்டமும் வெளிமட்டமும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும். வரப்பை ஒட்டிப் போட்டாலும் தப்பான மட்டம் தான் காட்டும்.

தழைச்சத்து:
கடைமடை சொல்வதுதான் என் பயமும். எல்லை தாண்டும் வயல்களில்தான் நைட்ரஸ் ஆக்சைடு எகிறும். வண்டல் சார் நம்பும் அந்த 0.5 சதவீதம் எப்படி வருகிறது? அடைப்புப் பெட்டியைப் பயிர்மேல் கவிழ்த்து, 0, 10, 20, 30 நிமிடத்தில் ஊசியால் காற்றை இழுத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான வாயு நிறப்பகுப்பியில் ஏற்றுகிறோம். மீத்தேன் பயிரின் தண்டு வழியே சீராக வருவதால் வாரம் ஒரு தடவை எடுத்தாலும் ஓரளவு தேறும். நைட்ரஸ் ஆக்சைடு அப்படியில்லை, யூரியா போட்ட பிறகும் காய்ந்த சேறு நனையும்போதும் சில நாள் மட்டும் துள்ளிவிட்டு அடங்கிவிடும். வாரம் ஒரு மாதிரி எடுப்பவர் கண்ணில் அது படாது. பலகை போடாமல் சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பி மீத்தேன் எண்ணும் கெட்டுவிடும்.

வண்டல்:
துள்ளுவது உண்மைதான். அதற்காகக் காயவிடுவதையே கைவிட வேண்டுமா? யூரியாவைத் திருத்துங்கள். வடித்த ஈரச்சேற்றில் தூவி உடனே தண்ணீர் கட்டினால் உரம் உள்ளே இறங்கும், பிறகு ஒரு வாரம் காயவிடாதீர்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத்தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்து 10 இலை பார்த்துவிட்டுத்தான் மேலுரம் என்றால் மண்ணில் உபரி நைட்ரேட்டே இருக்காது. மீத்தேன் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வைக்கோலை நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக மடக்கி உழுதால் அதன் தாக்கம், நடவை ஒட்டி உழுததில் ஐந்தில் ஒரு பங்குதான்.

தழைச்சத்து:
யூரியா முறையை ஏற்கிறேன். ஆனால் கார்பன் வரவு (குறைத்த உமிழ்வுக்கான சான்று) விற்பவர்கள் குழாயைப் படம் பிடிக்கிறார்கள், யூரியா மூட்டையை எண்ணுவதில்லை. உரக் கணக்கு இல்லாத வயலுக்கு 0.55 போடக் கூடாது.

கடைமடை:
ரெண்டு பேரும் குறுவையையே பேசுறீங்க. சம்பா, தாளடிக்கு இந்தப் பேச்சே செல்லாது. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை பிடிச்சா, வடிகால் தூர்ந்த வயல்ல தண்ணிய வடிக்குறதே போராட்டம், காயவிடுறது எங்க? ஒண்ணு செய்யலாம்: ஆகஸ்ட்ல விதைச்ச சம்பாவுல, தூர் கட்டுறப்போ, மழைக்கு முன்னாடி ஒரு தடவை மட்டும் வடிக்கலாம். அதுக்கு 0.71 போடுங்க, 0.55 இல்ல. தாளடிக்கு 1 தான், அதாவது குறைப்பே இல்ல.