புது மெக்கானிக்கல் கீபோர்டு, ஒரு கீ வழுவழுன்னு ஒரு கீ கரகரன்னு... உங்களுக்கும் இப்படி ஆச்சா?

பாளையங்கோட்டையில டிடிபி வேலை பாக்கேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ்னு நாள் முழுக்க தமிழ்99 கீபோர்டு முறையிலதான் அடிப்பேன். பழைய சாதா மெம்பரேன் கீபோர்டுல விரலெல்லாம் வலி எடுத்துருச்சு, அதான் மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வச்சு ஒரு மெக்கானிக்கல் வாங்குனேன், ஒவ்வொரு கீக்கும் அடியில தனித்தனி ஸ்விட்ச். நடுவுல தட்டாம நேரா எறங்குற லீனியர் ஸ்விட்ச், சால்டர் இல்லாமலே ஸ்விட்சைக் கழட்டி மாட்டுற ஹாட் ஸ்வாப் போர்டு.

வந்த அன்னைக்கே மனசு ஒடிஞ்சு போச்சு. எஃப் கீ இருக்குல்லா, தமிழ்99ல அதுதான் புள்ளி, அதை அமுக்குனா மணல்ல உரசுத மாதிரி ஒரு கரகரப்பு, பக்கத்துல உள்ள டி கீ எண்ணெய் போட்ட மாதிரி எறங்குது. 'நிகழும்'னு அடிச்சு அந்த கடைசி புள்ளி வைக்கும்போதே விரலுக்குத் தெரிஞ்சிரும். என்டர் கீ வேற கடகடன்னு சத்தம், ஒரு ஓரம் மட்டும் பைய எந்திக்கு. வித்தவங்ககிட்ட கேட்டா பழகப் பழக சரியாயிரும்னு சொல்லிட்டாங்க. ஒரு வாரம் அடிச்சேன், ஒண்ணும் ஆகல.

திருப்பி அனுப்பிரலாம்னு இருந்தப்பதான் வண்ணாரப்பேட்டையில இருந்து அண்ணன் மகன் வந்தான். "அத்தை, அனுப்பாதீங்க, மொதல்ல எடம் மாத்திப் பாப்போம்"னான். கேபிளைக் கழட்டிட்டு மேல உள்ள மூடி, அதான் கீகேப்பை மட்டும் மாத்துனான், கரகரப்பு அங்கனயே நின்னுச்சு. அடுத்து எஃப்ல இருந்த ஸ்விட்சை உருவி எஃப்12ல வச்சான், எஃப்12 ஸ்விட்ச் எஃப்புக்கு வந்துச்சு. கரகரப்பு கூடவே எஃப்12க்குப் போயிருச்சு! அப்போ கோளாறு ஸ்விட்ச்லதான், போர்டுல இல்ல. என்டருக்கும் அதே மாதிரி மாத்துனோம், ஆனா கடகட சத்தம் எடத்தை விட்டு நகரல, அப்போ அது ஸ்டெபிலைசர், நீளமான கீ ஒரு பக்கமா சாயாம இருக்க அடியில உள்ள கம்பி.

ஸ்விட்சைத் திறந்து காட்டுனான். நல்ல ஸ்விட்ச்ல கிரீஸ் மினுமினுன்னு தெரியுது, இதுல ஒரு பக்கம் காஞ்சு கெடக்கு, ஃபேக்டரியில தடவுனது அந்தப் பக்கம் படவே இல்ல. அமுக்குனா ஏறி எறங்குற நடுத்தண்டு, அதான் ஸ்டெம், அது போற தடத்துல கிரைடாக்ஸ் 205ஜி0ங்கிற கிரீஸை சின்ன பிரஷ்ல லேசா தொட்டு வச்சான், அவ்ளோதான், வழுவழுன்னு ஆயிருச்சு. ஸ்டெபிலைசர் கம்பியை உருவி மொபைல் கண்ணாடி மேல வச்சா ஒரு முனை மட்டும் மயிரிழை தூக்கி நிக்கி. கையாலயே வளைச்சு மட்டமாக்கி, ரெண்டு முனையிலயும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வச்சு மாட்டுனோம், சத்தம் போயிருச்சு.

வேற யாருக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க.

அம்பாசமுத்திரத்துல இருந்து:
அக்கா, எனக்கு எம் கீ, அதான் 'ர', சில நேரம் விழாது சில நேரம் ரெண்டு தடவ விழும். சாஃப்ட்வேர்னு நெனச்சு ரெண்டு நாள் செட்டிங்ஸையே நோண்டுனேன். கடைசியில ஸ்விட்சை உருவிப் பாத்தா ரெண்டு உலோகக் கால்ல ஒண்ணு லேசா மடங்கி, பட்டும் படாம நின்னுருக்கு. சாமணத்தால நிமித்தி, நேரா வச்சு அமுக்குனேன், சரியாயிருச்சு. மாட்டும்போது கோணலா குத்தாதீங்க, வெரசா அமுக்காதீங்க, அடியில உள்ள சாக்கெட் சால்டர்லதான் நிக்கி, பேந்து வந்துட்டா பெரிய வேலை.

தென்காசியில இருந்து:
என்னோடது டேக்டைல் ஸ்விட்ச், நடுவுல ஒரு தட்டு தட்டும்லா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு எல்லாத்தையும் கழட்டி கிரீஸ் வச்சேன், அதுல பாதிக்கு மேல அந்த தட்டே காணாம போச்சு, முன்னாடி இருந்ததை விட மோசம். ஸ்டெம்ல ரெண்டு சின்ன கால் நீட்டிக்கிட்டு இருக்கு, அது உள்ள உள்ள உலோக இலையில உரசுறதுலதான் அந்த தட்டே வருது, அங்க கிரீஸ் வைக்கவே கூடாது. ஸ்டெம்மை எல்லாம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல கழுவிக் காய வச்சு திரும்ப மாட்ட ரெண்டு சாயங்காலம் ஆச்சு. டேக்டைல் வச்சிருக்கவங்க தயவு செஞ்சு பாத்து பண்ணுங்க. அக்கா, இப்போ உங்களுக்கு எல்லா கீயும் ஒண்ணு போல இருக்கா?

மறுபடியும் பாளையங்கோட்டை:
தம்பி, முழுசா இல்ல. ஏ கீ, அதான் 'அ', கொஞ்சம் கனமா தெரிஞ்சுச்சு. அந்த ஸ்விட்சை ஆள்காட்டி விரலால அமுக்குனா மத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல, சுண்டு விரலுக்குத்தான் கனம். அதே ஸ்விட்ச்தான், விரல்தான் வேற. வலது ஓரம் கீ எல்லாம் டொக்கு டொக்குன்னு கேட்டதுக்கு காரணம் மேஜை, அதோட ஒரு ரப்பர் கால் தரையில படாம ஆடிக்கிட்டு இருந்துச்சு. வீட்ல கெடந்த பத்தமடைப் பாய்த் துண்டு ஒண்ணை அடியில போட்டேன், ஆட்டமும் நின்னுச்சு சத்தமும் அடங்கிருச்சு. எடது ஷிஃப்ட் மட்டும் இன்னும் லேசா கடகடங்கு, ஞாயித்துக்கிழமை அண்ணன் மகன் வாரேன்னு சொல்லிருக்கான், அந்தக் கம்பியையும் கண்ணாடி மேல வச்சுப் பாக்கணும்.